கார் போகலாம், அண்ணன் போகக் கூடாது

வஞ்சிரக் கருவாட்டு வாசனை எங்கயாவது அடிச்சா எனக்கு நேபாள பார்டர்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, கேளுங்க...

எண்பதுகள்ல நடந்தது. மேரி அக்கா வீட்டுக்காரருக்குக் காட்மாண்டுல ஸ்கூல் வாத்தியார் வேலை. அங்கயே ரோஸி பொறந்தா. ஒரு வயசு ஆகப்போகுது, காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்துவேன்னு அக்கா ஒரே பிடிவாதம். அத்தானுக்கு ஊருக்கு வர்ற அளவு லீவு கிடைக்கல. அதனால மாமன்தான் போகணும்.

மாமன்னா எங்க அந்துவான் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷனோட காரைக்காலுக்குத் திரும்பினவர், எங்க ஊர்ப் பேச்சுல 'சொல்தா'. வீட்ல நாங்க எல்லாரும் இந்தியப் பிரஜை, அவர் மட்டும் பிரெஞ்சுப் பிரஜை. ஆனா கைலியைக் கட்டிக்கிட்டு மீன்கடையில பேரம் பேசுற மனுஷனை யாரு வெளிநாட்டுக்காரர்னு நினைப்பா? அவரே நினைக்கல... வம்பே அங்கதான்.

"ரயில் எதுக்கு? என் அம்பாசடர் சும்மாதானே நிக்குது"ன்னுட்டார்.

அப்புறம் வீடே ஆபீஸ் ஆயிடுச்சு. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், வரி கட்டின ரசீது, எல்லாத்துக்கும் காப்பி, காப்பிக்கு அட்டெஸ்டேஷன். காரோட ஜாதகம் ஒண்ணுதான் பாக்கி. அம்மா தன் பங்குக்கு காரைக்கால்மேட்டு மீனவங்ககிட்ட சொல்லிவச்சு, அக்காவுக்கு வஞ்சிரக் கருவாடு வாங்கி டிக்கில ஏத்திட்டு, அண்ணனோடயும் என்னோடயும் கிளம்பிட்டாங்க.

எங்க காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, பூவம் தாண்டினா தமிழ்நாடு. செக்போஸ்ட்ல அண்ணன் கையை மட்டும் காட்டினார், விட்டுட்டாங்க.

"பார்டர்னா இவ்வளவுதான் பாப்பா"ன்னார் என்கிட்ட. கல்யாணம், கருமாதி எல்லாத்துக்கும் பார்டர் தாண்டுற ஊர்க்காரங்க நாம... அந்த வார்த்தையைக் கேட்டா நமக்கு பயமே வராது.

ஆந்திரா, ஒரிசா, வங்காளம், பீகார்... அண்ணன் ஒருத்தரே ஓட்டினார். கண்ணாடியை இறக்கினா புழுதி, ஏத்தினா கருவாடு.

ஒரு வழியா நேபாள பார்டர்ல இருக்கற ரக்ஸால் வந்தோம். ரிக்‌ஷாவும் மாட்டுவண்டியும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா போயிட்டு வருது. நம்மாளுங்க நடந்து போனா யாரும் ஒண்ணும் கேக்கல. காருக்கு மட்டும் பெர்மிட். ஒரு ஏஜென்ட் பேப்பரெல்லாம் வாங்கிட்டுப் போய் சீக்கிரமே பெர்மிட்டோட வந்துட்டார். அண்ணன் முகத்துல அப்படி ஒரு பெருமை!

அந்தப் பெருமையிலயே, யாரும் கேக்காமலே, தன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை எடுத்து இந்தியப் பக்கத்து ஆபீசர்கிட்ட நீட்டினார். பட்டாளத்துப் பழக்கம், என்ன செய்யறது?

என் அரைகுறை இந்தியில எனக்குப் புரிஞ்சது இதுதான். கார் போகலாம். அம்மாவும் நானும் போகலாம். அண்ணனும் போகலாம்... ஆனா இந்தியாவுக்குத் திரும்பி வர விசா வேணும். அது அவர்கிட்ட இல்ல. போனா வீட்டுக்குத் திரும்பறது கஷ்டம்.

"நான் காரைக்கால்காரன்னு சொல்லு பாப்பா அவர்கிட்ட."

சொன்னேன். ஆபீசர் பாவம், எங்களுக்கு டீ வரவழைச்சுக் குடுத்தார். சட்டத்தை அவர் என்ன பண்ணுவார்?

அண்ணன் பாஸ்போர்ட்டை மூடிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். காருக்கு இத்தனை பேப்பர் சேர்த்தவர் தனக்கு ஒண்ணு வாங்க மறந்துட்டாரேன்னு எனக்குக் கோவம் வரல, அழுகைதான் வந்துச்சு. கல்யாணமே பண்ணிக்காத மனுஷன். ரோஸியைத் தூக்கணும்னுதான் இத்தனை தூரம் ஓட்டிட்டு வந்தார்.

ட்ரங்க் கால் போட்டுக் காத்துக் கிடந்து அக்காகிட்ட சொன்னேன். அக்கா அழல.

"அண்ணனால வர முடியலேன்னா என்னடி? நாங்க வரோம்."

அத்தான் ஸ்கூல்ல சண்டை போட்டு ரெண்டு நாள் லீவு வாங்கினார். மலைப்பாதை பஸ்ல குலுங்கிக் குலுங்கி வந்தாங்க. அக்கா இடுப்புல உக்காந்துக்கிட்டு ரோஸி பார்டரைத் தாண்டினா. அவளை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

லாட்ஜ் ரூம் ஒரே இருட்டு. காது குத்த வந்த தட்டார் வெளிச்சம் வேணும்னார். அதனால ரோட்டோரமா நின்ன அம்பாசடர்ல, டிரைவர் சீட்டுல அண்ணன், அவர் மடியில ரோஸி. ஊசி ஏறினதும் வீல்னு கத்தி ஒரு உதை உதைச்சா பாருங்க, ஹார்ன் அலறிடுச்சு! பக்கத்து செக்போஸ்ட்லேர்ந்து அதே ஆபீசர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தார். அம்மா அவர் கையில ஒரு லட்டைத் திணிச்சாங்க. அண்ணன் அழுதுக்கிட்டே சிரிச்சார்.

இப்போ...

ரோஸி புருஷன், குழந்தையோட பாரிஸ்ல இருக்கா. அவளுக்குக் கூடப்பிறந்த ஆம்பளை கிடையாது. அதனால அவ மகனுக்குக் காது குத்தவும் அந்துவான் மாமா மடிதான். வேடிக்கை என்னன்னா, அங்க போக எங்களுக்கெல்லாம் விசா வேணும், அண்ணனுக்கு மட்டும் வேணாம். ஆனா எண்பதைத் தாண்டின முழங்கால் அவரை பிளேன் ஏற விடல.

அன்னைக்கு ஒரு ட்ரங்க் காலுக்கு அப்படிக் காத்துக் கிடந்தோம். இப்போ கூப்பிட்ட உடனே ரோஸி போன்ல முகம் காட்டுறா. போன வாரம் சொன்னா:

"நாங்களே வரோம் மாமா. பையனுக்கு இந்திய விசா எடுத்தாச்சு. உங்களை மாதிரி மறக்கல!"

அண்ணன் ரொம்ப நேரம் சிரிச்சார். போனை வச்சதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஷெட்டுல கெடக்கே அம்பாசடர்... ஹார்ன் அடிக்குதான்னு பாரு பாப்பா."