நுண்ணோக்கிக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியார். நல்ல வாத்தியார் என்றுதான் ஊரில் பேர். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பிள்ளைகள் தாங்களே செய்துபார்த்துப் படிக்க வேண்டும், கரும்பலகை மட்டும் போதாது என்று மேலிடத்தில் முடிவாகி, எங்கள் பள்ளிக்கும் ஒரு நுண்ணோக்கி வந்தது. அதற்காகத் திருநெல்வேலியில் மூன்று நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம். மற்றதெல்லாம் தூக்கத்தில் போயிற்று. ஊர் திரும்பியதும் நுண்ணோக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உடைந்தால் யார் பதில் சொல்வது? இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்தல்லவா இருக்கிறது! வெங்காயத் தோலின் செல்களைச் செங்கல் அடுக்கியதுபோலப் பலகையில் வரைவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைவார்கள். நானும் அதற்கு மார்க் போடுவேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அது வெளியே வரும். பொரிகடலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, குழைத்த சந்தனமும் குங்குமமும் நானே வைப்பேன். மேலே கண் வைக்கும் இடத்தில் ஒரு பொட்டு, கீழே குழாய் நுனிக் கண்ணாடியில் ஒரு பொட்டு. மறுநாள் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மறுபடியும் பீரோ. இப்படி நான்கைந்து பூஜை கழிந்தது.

ஒருநாள் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள். அவசர அவசரமாக அதை எடுத்து, வெங்காயத் தோலை உரித்து வைத்து, எட்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தினேன். நான் அதில் கண் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரி முன்னால் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் அவர்.

"செங்கல் அடுக்குன மாதிரி இருக்கு சார்."

நான்கு பேர் அதையே சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவதாக வந்தவள் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகள். "எப்ப சார் காட்டுவீங்க, எப்ப சார் காட்டுவீங்க" என்று வருஷம் முழுக்க என்னை நச்சரித்தவள். குனிந்தாள். ஒரு கண்ணை மாற்றி மறு கண்ணால் பார்த்தாள். நிமிர்ந்து, "ஒண்ணும் தெரியல சார். ஒரே மஞ்சளா இருக்கு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவளுக்குக் கண்ணுல கோளாறு சார். ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்று அதிகாரியிடம் சொன்னேன். அப்படிப் பட்டென்று வந்தது பொய். வகுப்பே சிரித்தது. "வீட்ல சொல்லி டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க" என்றவர், நுண்ணோக்கி நல்ல பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள். குழாய் நுனியை நகத்தால் சுரண்டினால் காய்ந்த சந்தனம் உதிர்கிறது. முதல் நான்கு பேர் சொன்னது என் கரும்பலகையை. நுண்ணோக்கியில் தெரிந்ததைப் பார்த்துச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மறுநாளே வகுப்பில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வாரம் ஓட்டினேன். பையன்கள் அவளைக் குருடி என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாததுபோலப் போனேன். சே, நானும் ஒரு மனுஷன்!

அடுத்த வாரம் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அப்பா வந்தார்.

"சார், திருநெல்வேலி ஆஸ்பத்திரில காட்டிட்டு வாரோம். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. தறியில இழை அறுந்தா எங்களுக்கு முன்னால இவதான சார் பார்ப்பா!"

மனுஷன் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கப்போகிறார், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. வாத்தியார் பக்கம் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"கண்ணு நல்லா இருந்தும் தெரியலன்னு சொல்லிருக்கான்னா, வேணும்னேதான சார் சொல்லிருக்கா? பெரிய ஆபீசர் முன்னால ஒங்களத் தலைகுனிய வச்சிட்டாளே. ஏட்டி, சார்ட்ட மன்னிப்புக் கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும், எனக்கு வாய் வரவில்லை.

"மன்னிச்சிருங்க சார்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, தரையைப் பார்த்து, "செங்கல் அடுக்குன மாதிரிதான் சார் தெரிஞ்சிச்சு" என்றாள்.

"சரி, போய் உக்காரு" என்றேன்.