எங்கள் ரத்தம் மிதந்தது

நான், என் ஓரகத்தி செல்வி, நடவுக்கு ஆள் சேர்க்கும் ராணி அக்கா, எங்களை ஏற்றி வந்த வேன்கார பாய். தஞ்சாவூரில் ரத்த வங்கி வாசலில் இவ்வளவு பேர்தான் நின்றோம். பிரசவமான என் மகளுக்கு உதிரம் நிற்கவில்லை. ஒருவராவது ரத்தம் கொடுங்கள் என்றார்கள். வீட்டு ஆண்கள் துபாயிலும் திருப்பூரிலும் இருந்தார்கள்.

நாள் முழுக்கக் குனிந்து நடுகிற உடம்பு, நமக்கென்ன குறை என்று நாங்களே கை நீட்டினோம்.

"ரெண்டு பாட்டிலா எடுத்துக்கங்க தம்பி" என்றார் ராணி அக்கா.

ரத்தம் எடுக்கும் அந்தத் தம்பி எங்கள் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டார். முங்கினால்தான் எடுப்பார்களாம். என் சொட்டு மிதந்தது. செல்வியுடையதும் மிதந்தது. ராணி அக்காவுடையதும் மிதந்தது.

"விதைநெல்லுல பதரு மிதக்குமே, அப்படியில்ல இருக்கு" என்றார் அக்கா.

"உங்களுக்கே ரத்தம் பத்தலம்மா. உங்ககிட்ட எப்படி எடுக்கிறது?" என்றார் அந்தத் தம்பி.

வெளியாளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா" என்று பாய் சட்டைக் கையை மடக்கினார். அவர் சொட்டு முங்கியது.

மகள் பிழைத்தாள்.

இப்போது மூவரும் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதில்லை; அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் பன்னிரண்டரை வேண்டுமாம். போன வாரம் எனக்குப் பார்த்தார்கள்.

பதினொன்று.