ஐடியா அக்காவும் வீடு வாங்குபவர்களும்

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு அந்தத் தெருவில் ஐடியா அக்கா என்று பெயர். பாதி கேலி, பாதி மரியாதை. வீடு வாங்க வருகிறவர்களின் அழுகையை இருபது வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். ஒரே ஒரு தாள் குறைந்ததால் நாள் முழுவதும் வீணாய்ப்போனவர், முன்பணத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிய தரகரைத் தேடுகிறவர் என்று எல்லோரும் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் புலம்புவார்கள். இவ்வளவு எரிச்சல் இருக்கிற இடத்தில் ஒரு தொழில் இல்லாமலா போய்விடும் என்று நினைத்தாள். நினைப்பில் தப்பே இல்லை. நடந்ததுதான் வேறு.

முதலில், என்னென்ன தாள் வேண்டும் என்று பெரிய பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஜனங்கள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, ஃபேன் இருக்கிற பக்கத்துக் கடையில் போய் ஜெராக்ஸ் எடுத்தார்கள். பிறகு, வரிசையில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் அலுவலகத்தில் டோக்கன் முறை வந்துவிட்டது. அப்புறம் புலம்பல் நோட்டு. எந்தத் தரகர் எப்படி ஏமாற்றினார் என்று பட்டவர்கள் எழுதி வைக்கட்டும், புதிதாக வருகிறவர்கள் படித்துத் தப்பிக்கட்டும் என்று ஒரு நீள நோட்டை மேஜைமேல் வைத்தாள். தரகர்களே வந்து தங்களை ஆகா ஓகோ என்று எழுதி அதை நிரப்பிவிட்டார்கள். ஒன்பது பேர் எழுதியதும் ஒரே கையெழுத்து.

அவள் உயிராய் நம்பியது கடைசி ஐடியாவைத்தான். சட்டையைப் போட்டுப் பார்க்கிறோம், செருப்பில் நடந்து பார்க்கிறோம், ஆயுசு முழுக்கக் கடன் கட்டப்போகும் வீட்டை மட்டும் கால்மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குகிறோமே. மூன்று நாள் தங்கிப் பார்த்து வாங்கினால் என்ன? ஒரு கட்டுமானக் கம்பெனி மேலாளரைப் பார்க்க அரைநாள் காத்திருந்து இதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல ஐடியாதாம்மா. ஆனா மூணு நாள் தங்கிட்டா அப்புறம் எவன் வாங்குவான்?”

அவள் கணவர் துணிக்கடை வாசலில் காவலாளி. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறவர். அன்று சாயங்காலம் அவளைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “உனக்கு மூளையெல்லாம் இருக்கு. அதிர்ஷ்டம்தான் லீவுல போயிருக்கு,” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அவர்கள் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். இரண்டு அறை, ஒரு சமையலறை. எந்த சுவிட்சைப் போட்டாலும் வேறு அறை விளக்குதான் எரியும். அதற்கெல்லாம் பழகி, அதுதான் வீடு என்று ஆகிப்போனவர்கள். “நீங்களே வாங்கிக்கங்களேன், ரெண்டு மாசம் பொறுத்துக்கறேன்,” என்று நல்ல மனசோடுதான் அவர் சொன்னார். அவள் தன் மெஷினிலேயே தன் காகிதங்களை மூன்று செட் எடுத்து மூன்று வங்கிகளில் கொடுத்தாள். சம்பளச் சான்று எங்கே என்று மூன்று பேரும் கேட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவளுக்கு யார் சம்பளச் சான்று கொடுப்பார்கள்?

ரெண்டு மாசம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் ஒருநாள் வாசலிலேயே நின்று பேசினார்.

“ஆள் கிடைச்சிருச்சும்மா. வெள்ளிக்கிழமை பத்திரம். மறுநாள் நான் பையன்கிட்ட கிளம்பறேன். வெள்ளிக்கிழமை முடியலன்னா, நான் திரும்பி வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நீங்களே இருந்துக்கங்க.”

அவளும் கணவரும் வேறு வீடு தேடாமல் இல்லை. அவர்கள் கொடுக்கும் வாடகைக்கு இப்போது கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. ஆறு மாசம் கிடைத்தால் போதும், அதற்குள் ஏதாவது தோன்றும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை விடியவே கூடாது என்றிருந்தது.

விடிந்தது. மத்தியானம் மூன்றே முக்காலுக்கு ஒரு இளம் ஜோடி அலுவலகத்திலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தது.

“அக்கா, சீக்கிரம்! பத்திரத்துல முதல் தாளு, எங்க ரெண்டு பேர் அடையாள அட்டை. நாலு மணிக்கு கவுன்டர் மூடிடுவாங்களாம்,” என்றாள் அந்தப் பெண்.

பத்திரத்தை மெஷினில் வைத்தபோதுதான் அவள் கதவு எண்ணைப் பார்த்தாள். அவள் வீட்டு எண். அவள் தெரு.

அடையாள அட்டையில் விலாசம் பின்பக்கம் இருக்கும். வருகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே இருக்கும் அதிகாரி காகிதக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். இவர்களும் பின்பக்கத்தைக் கேட்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. திரும்பி ஓடி வருவதற்குள் மணி நாலாகிவிடும். முன்பக்கம் மட்டும்தான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

முதல் அட்டையை வைத்தாள். வெளிச்சம் ஓடியது. கை தன்னால் மூடியைத் தூக்கி, அட்டையைத் திருப்பிப் போட்டு, தாளை மறுபடி உள்ளே செருகிவிட்டது. இருபது வருஷக் கை, அவளைக் கேட்கவில்லை. என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தபோது இரண்டாவது அட்டையும் முடிந்திருந்தது. அந்தப் பெண் சூடு ஆறாத தாள்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையை வெட்டிப் போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அரைமணி கழித்து அவர்கள் நிதானமாக வந்தார்கள். இருவர் கட்டைவிரலிலும் மை.

“அக்கா, அந்த ஆபீசர் எடுத்ததும் பின்பக்கத்தைத்தான் தேடினாரு. நீங்க இல்லன்னா எங்க கதை இன்னிக்கு கந்தல்,” என்றான் அவன்.

“இன்னொண்ணு கேக்கணும்க்கா,” என்றாள் அந்தப் பெண். “உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு உள்ள சொன்னாங்க. அந்த வீட்ல ஒரு குடித்தனம் இருக்கு. நாங்க பாக்கப் போனப்ப யாரும் இல்ல, வீட்டுக்காரர்தான் திறந்து காட்டினாரு. சண்டை சச்சரவு இல்லாம அவங்களக் காலி பண்ண வைக்க ஏதாச்சும் ஐடியா சொல்லுங்களேன்.”

இத்தனை வருஷத்தில் அவளைத் தேடி வந்து ஐடியா கேட்டவர்கள் இவர்கள்தான். அவள் மெஷின் மூடியை ஒரு துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“ஒரு மாசம் டைம் குடுங்க, போதும்,” என்றாள். “சண்டை போடற ஆளுங்க இல்ல அவங்க. தானாப் போயிடுவாங்க.”

“அப்பாடா,” என்றாள் அந்தப் பெண். “இப்பத்தான்க்கா எனக்கு நிம்மதியா இருக்கு.”