நாலாம் நம்பர் கான்வாஸ் ஷூ

எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு ஸ்குவாஷ் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லாரும் டம்ளரோடு போனோம்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்குள் சாமான் அடுக்கும் வேலை அப்பாவுக்கு. "வர்ற ஞாயித்துக்கெழம ஆபீசருங்க கிளப்புல எல்லாப் புள்ளைங்களுக்கும் ஸ்குவாஷ்" என்று வாட்ச்மேன் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்குவாஷ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது, கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் கொடுக்கும் ஆரஞ்சுத் தண்ணீர். அம்மா என் கையில் டம்ளரும் அக்கா கையில் சொம்பும் கொடுத்து, "மிச்சம் மீதி இருந்தா கேட்டு வாங்கியாங்க" என்றாள்.

கிளப்பில் மெட்ராஸ் இன்ஜினியர் கையில் மட்டையோடு நின்றிருந்தார். கல்யாணம் ஆகாத இளைஞர். மற்ற அதிகாரிகளோடு மல்லுக்கட்டி எங்களுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை வாங்கியவர். டம்ளர்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் மனைவிகளுக்கு விளங்கிவிட்டது, சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துபோயிற்று.

"இது குடிக்கிறது இல்லப்பா. அடிக்கிறது" என்றார்.

"யார சார்?" என்றான் பின்னாலிருந்து ஒரு பையன்.

பாதிப் பேர் அப்போதே திரும்பிவிட்டார்கள். அக்கா சொம்பை மூலையில் வைத்துவிட்டு மட்டையை வாங்கினாள். ஜன்னலே இல்லாத நான்கு வெள்ளைச் சுவர்களுக்குள், சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அந்தக் கறுப்பு ரப்பர் பந்து அடி வாங்கிச் சூடேறினால்தான் எழும்பும். எங்களில் அதைச் சூடேற்றியவள் அக்கா ஒருத்திதான். நான் வீசிய மட்டையில் பந்து பட்டதைவிடச் சுவர் பட்டதே அதிகம்.

மூன்றாவது வாரம் இன்ஜினியரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நாற்காலி இல்லாததால் நின்றபடியே அப்பாவிடம் பேசினார்.

"அடுத்த ஞாயிறு மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பேர் ஆட்டம் பாக்க வர்றாங்க. பாப்பாவ அவசியம் அனுப்புங்க. புடிச்சுப்போச்சுன்னா அங்கியே தங்கிப் படிக்கவும் வெளையாடவும் ஏற்பாடு பண்ணுவாங்க. இன்னொண்ணு, கிளப்புல புது ரூல் போட்டுட்டாங்க. வெள்ளை ஷூ இல்லாம உள்ள விடக்கூடாதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

எங்கள் கால்களில் ஒட்டிய களிமண் பலகைத் தரையைப் பாழாக்குகிறது என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். எங்கள் காலனியில் யார் காலைத் தட்டினாலும் அந்த மண்தான் உதிரும்.

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வயசுக்கு வர்ற பொண்ணு உள்ள குதிக்கிறத ஆம்பளைங்க மேல குந்திப் பாப்பாங்களா? அதெல்லாம் வேணாம் சார். வேணும்னா பையன் வருவான்."

அம்மாவிடம் எதிர்த்துப் பேசி அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை அப்பா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. "பையனுக்கு" என்றார். இப்போது என் பேரன் ஜோடி ஜோடியாக ஷூ வைத்திருக்கிறான், ஒன்றையும் கழற்றிய இடத்தில் வைப்பதில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் ஷூ அது. ஆசையாக மாட்டிக்கொண்டு நாலடி வைத்தேன். கால் முன்னே போயிற்று, ஷூ பின்னே நின்றது. வாசற்படியில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பு.

"வளர்ற புள்ள, பெரிசாத்தான் இருக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில் அக்கா அதைப் போட்டுப் பார்த்தாள். நாடாவை இறுக்கிக் கட்டி, கதவுவரை நடந்து, சட்டென்று திரும்பினாள். அப்பா பேப்பரை இறக்கி, "கடிக்குதாம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றாள். ஷூ என்னுடையது, கேள்வி அவளுக்கா என்று எனக்கு எரிச்சல். வாசலில் குடம் இடிக்கும் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அப்பா பகல் ஷிப்ட். நான் காலையிலிருந்தே அழுதேன். கடைசியில் அக்காவே சொன்னாள்: "மாத்திக் குடுத்துரும்மா. நாளைக்கி அங்க வுழுந்து கிழுந்து வெப்பான்."

அம்மா என்னைக் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் ஷூவையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தம்பிக்கா நாலாம் நம்பர்? உங்க வூட்டுக்காரரு அளவு வெட்டுன ஈர்க்குச்சியில்ல கொண்டாந்தாரு! உள்ள வுட்டு வுட்டுப் பாத்து வாங்கிட்டுப் போனாரே."

அம்மா கொஞ்ச நேரம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பையனுக்குத்தான். மாத்திக் குடுங்க" என்றாள். தூங்கும்போது என் காலைத் தப்பாக அளந்துவிட்டார் அப்பா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் பெட்டியைத் திறந்தார். சின்ன ஷூ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"மாத்தியாச்சா?" என்றார். "செரி. அவனாவது ஆடட்டும்."

மறுநாள் நான் மட்டும் போனேன். ஷூ கச்சிதமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் இன்ஜினியர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்தார். கேட்டுக்கு வெளியே காலனிப் பையன்கள் வெறுங்காலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதே எனக்கு எதையும் எண்ணும் பழக்கம், பதினொரு பேர். 'அவனாவது' என்று அப்பா சொன்னது இவர்களை நினைத்துத்தான் என்று முடிவு செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனேன். அக்காவை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.