மைனியின் செம்பருத்திச் சர்பத்

செம்பருத்தி இதழ்களைக் கொதித்த நீரில் போட்டு மூடி, ஆறியபின் வடிகட்டினால் கிடைப்பது சிவப்பு அல்ல. அழுக்கு ஊதாவாக ஒரு தண்ணீர். அதில் மைனி எலுமிச்சையைப் பிழியும் கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாத்திரம் முழுவதும் சட்டென்று சிவந்துபோகும். அந்த நிறத்தைத் தானே படைத்தவள் மாதிரி, "பாத்தியா?" என்பாள். அந்தக் கர்வம் அவளுக்கு நன்றாகப் பொருந்தும். பிறகுதான் சீனிப்பாகு சேர்த்துப் புட்டியில் ஊற்றுவாள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு புதுக்கடை என்ற ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள் மைனி. வேலியில் பூத்து உதிரும் செம்பருத்தி எங்களுக்கெல்லாம் தாளிதான். இலையும் பூவுமாகக் கசக்கிக் கொழகொழவென்று தலையில் தேய்த்துக் குளிப்போம். அதைக் குடிக்கலாம் என்று அவள் சொன்னதும், "வயித்துக்குள்ளயும் முடி வளருமோ?" என்று அப்பா கேலி செய்தார். குடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டவரும் அவர்தான்.

என் நிச்சயதார்த்தத்துக்குக் கடைப் பானம் வேண்டாம், தன் சர்பத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று மைனி ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா அரைமனதாகத்தான் சம்மதித்தாள். "யாராவது கேட்டா ரோஜாப்பூன்னு சொல்லிரு பிள்ளே. தாளின்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" முந்தின நாள் வெயிலில் வேலி வேலியாக அலைந்து பூப்பறித்தவள், புட்டிகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

தக்கலையிலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்திதான் முதலில் குடித்தார். "கொள்ளாமே, நல்ல ருசி. இது என்னது?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "ரோஜாப்பூவு" என்றாள். தட்டோடு நின்ற மைனி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பட்டுச்சேலை கட்டி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் நான். இருந்தும் சொல்லிவிட்டேன்: "இல்ல சித்தி, செம்பருத்தி. எங்க மைனி உண்டாக்கினது."

"தலைக்குத் தேய்க்கிற தாளியா?" சித்தி தம்ளரைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமே நின்றுபோயிருந்தது. சித்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைனியிடம் கேட்டார்: "பெண்ணுக்கு வாய் கொஞ்சம் கூடுதலோ?"

மைனி நிமிர்ந்தாள். "வாய் கூடுதல்தான். ஆனா பொய் சொல்ல மாட்டா."

சித்தி கீழே வைத்த தம்ளரை எடுத்து மிச்சத்தையும் குடித்தார்.

தக்கலைக்கு வாழ வந்தேன்; என் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். கோடையில் யார் வந்தாலும் செம்பருத்தி என்று சொல்லித்தான் தம்ளரை நீட்டுகிறேன். இத்தனை வருஷ ஆசிரியர் வேலையில் மேடையேற்றி, சால்வை போர்த்தி, என்னைப் பற்றி யார் யாரோ பேசியிருக்கிறார்கள். கூடம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் மைனி அன்று சொன்னதைவிடப் பெரிதாக ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.