என் மடியில் இருந்த பிளாஸ்க்

போன வருடம், மாசி மாதம் பிறந்த நேரம். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் ஆண்டு விழாவில் நடந்தது இது. நான் சித்தூரில் ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நேர நிருபர். மாலை நேரங்களில் உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன்.

விழாவின் நட்சத்திரம் சென்னையிலிருந்து வந்த இளம் பாப் பாடகி. அவளுடைய அண்ணன் சினிமா இசையமைப்பாளர், அக்கா பின்னணிப் பாடகி. இருவரையும் தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. இவளுக்கும் தனியாகச் சில பாடல்கள் எல்லோருடைய கைபேசியிலும் ஓடின. பிறகு குடி. போதையில் ஒரு மேடையில் தடுமாறி விழுந்த வீடியோ, அந்தப் பாடல்களைவிட வேகமாகப் பரவியது. அந்தச் செய்தியை எங்கள் பதிப்புக்கு எழுதியவள் நான்தான். ஆளை வாசகர் உடனே அடையாளம் காண, தெரிந்த உறவை முதலில் போடுவது எங்கள் வழக்கம். 'பிரபல இசையமைப்பாளரின் தங்கை' என்று தொடங்கினேன். அவள் பெயர் மூன்றாவது வரியில்தான் வந்தது.

எனக்கு அவள்மேல் பொறாமை. மேல் ஸ்தாயியில் அவள் குரல் மெலியும், அந்த இடத்தில் என் குரல் நிற்கும். ஆனால் அன்று அவளுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடப் போனவள் நான். அவள் காரிலிருந்து இறங்கியதை நான் பார்த்த விதத்தை எங்கள் கீபோர்டுக்காரர் கவனித்துவிட்டார்.

"அதோட அண்ணன் மியூசிக் டைரக்டரு. உங்க நைனா ரெண்டு எருமை மேய்ச்சிக்கினு இருந்தாரு. கம்முனு பாடிக்கினு போம்மா" என்றார்.

சிரித்தேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது.

ஒரு வகுப்பறையை ஒப்பனை அறையாக ஒதுக்கியிருந்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள். பாடுகிற எல்லோரும் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருப்போம். தன்னுடையதை என் மடியில் வைத்தாள். மூடி இடுக்கில் வந்த வாசனை வெந்நீருடையது அல்ல.

"அக்கா, இது உங்ககிட்ட இருக்கட்டும். புரோகிராம் முடியிற வரைக்கும் நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

"என்கூட வந்தவங்க எல்லாரும் நான் கேட்டா குடுத்துடுவாங்க."

சில வாரங்களாகக் குடிக்கவில்லையாம். காரில் ஏறும்போது பயந்துபோய் நிரப்பிக்கொண்டாளாம். இன்றும் தடுமாறினால் இனி யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றாள். அவளால் முடியாமல் போனால் மீதிப் பாடல்களை நான் பாட வேண்டும் என்று விழாக்குழு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. என் மேடையும் என் மடியில்தான் இருந்தது. அவள் கேட்கட்டும் என்று எனக்குள் ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு பாடல்கள் நன்றாகவே போயின. கோரஸ் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து பாடினேன், பிளாஸ்க் மடியில். பிறகு கூட்டத்தில் யாரோ அவளுடைய அக்காவின் பாட்டைக் கேட்டார்கள். தெலுங்கிலும் தமிழிலும் அதே கூச்சல் மைதானம் முழுக்கப் பரவியது. அவள் சிரித்துச் சமாளித்துத் தன் புதுப் பாட்டை அறிவித்தாள். கூச்சல் கூடியது.

மைக்கைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்து கையை நீட்டினாள். "குடுங்க."

அவள் கண்கள் கலங்கி இருந்தன. நான் அவ்வளவு நேரம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் என் விரல்கள் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

"தரமாட்டேன். இந்தா, இத்த குடி" என்று என் பிளாஸ்க்கைக் கொடுத்தேன். வெறும் வெந்நீர். மடமடவென்று குடித்தாள். பிறகு மைக்கை என் கையில் திணித்தாள்.

"எங்க அக்கா பாட்டை நீங்க பாடுங்க. நான் பாடினா அவங்களை மாதிரி இல்லன்னுதான் சொல்வாங்க."

பாடினேன். மேல் ஸ்தாயியில் குரல் நின்றது. கல்லூரியே எழுந்து கைதட்டியது. திரும்பினால், என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அவள் எனக்குக் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். வாய் பாடியது, கண் என்னையே பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் காரிலிருந்து இறங்கியபோது நான் அவளைப் பார்த்த அதே பார்வை.

அடுத்து தன் புதுப் பாட்டைப் பாடி நிகழ்ச்சியை முடித்தாள். தடுமாறவில்லை. பிறகு இருவரும் கல்லூரிக் குழாயடிக்குப் போய் அவளுடைய பிளாஸ்க்கைக் கவிழ்த்தோம். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு அவ்வளவு கைதட்டினாங்க. யாரோட தங்கச்சின்னு ஒருத்தர்கூடக் கேட்கல, பாத்தீங்களா?" என்றாள். அதில் பாராட்டைவிட ஏக்கம் அதிகம்.

விழாச் செய்தியை அவள் பெயரில் தொடங்கி எழுதி அனுப்பினேன். கடைசி வரியில் என் பெயரையும் சேர்த்தேன். அந்த ஆசை யாரை விட்டது? மறுநாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பரைப் பிரித்தால், தலைப்பிலேயே 'இசையமைப்பாளரின் தங்கை' என்று செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் மாற்றியிருந்தார்கள். நான் 'உள்ளூர்ப் பாடகி ஒருவர்' ஆகியிருந்தேன்.

அவள்மேல் இருந்த பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் யாரையாவது இன்னாரின் தங்கை என்று தட்டச்சு செய்ய விரல் போகும்போதெல்லாம், கோரஸ் வரிசையிலிருந்து என்னைப் பார்த்த அந்தக் கண்கள் குறுக்கே வருகின்றன. டெஸ்க் மாற்றிவிடும் என்று தெரிந்தும் அந்தப் பெண்ணின் பெயரையே முதலில் அடிக்கிறேன்.