தேசப்பன் குறைத்து வைத்த பவர்

தேசப்பன் இறந்த செய்தியைச் சொல்ல அழைத்த ஊழியர், அதே மூச்சில், "சார், பழவேற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாவி அவராண்டதான் கீது, இன்னா பண்றது?" என்று கேட்டார். எதற்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் சாவிக்குச் சொன்னேன். நீண்ட கால உத்தியோகம் மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு, அவரைப் பற்றி நான் எழுதுவது விசித்திரமாகப் படலாம். பொன்னேரியில் அவருடைய மேலதிகாரியாக நான் இதுவரை எழுதியதெல்லாம் அவருக்கு மெமோக்கள்தான். மொத்தம் ஒன்பது. எல்லாம் ஒரே குற்றத்துக்கு: செம்புக் கம்பி வழியாகப் போகும் பிராட்பேண்டு இணைப்புகளில், ஒவ்வொரு வீட்டு லைனும் வந்து சேரும் போர்ட்டுக்குத் தனித்தனியாகப் பவரையும் இரைச்சல் இடைவெளியையும் மாற்றி வைத்தார்.

முதல் மெமோ ஓர் இறால் ஏற்றுமதிக்காரரின் புகாரில் பிறந்தது. விசாரிக்க நானே போனேன். ஏற்றுமதிக்காரர் எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே நின்று தேசப்பனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "எதுத்தாப்ல கீறேன். எனக்கு ஏன்யா பவர கொறச்ச?"

"எதுத்தாப்ல கீறதாலதான்ணே கொறச்சேன். நீங்க சாதாரணமா பேசினாலே இங்க கேக்குது. கத்தறது எதுக்கு?"

பிறகு தேசப்பன் என்னிடம் விளக்கினார். ஒரே கேபிளுக்குள் பல ஜோடிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஒன்றில் பவரைக் கூட்டினால் பக்கத்துக் கம்பிக்கு அது இரைச்சல். "எங்க ஏரில பாடுன்னு கீது சார். இன்னிக்கு எந்த எடத்துல யாரு வலை கட்டறதுன்னு முறை. உன் முறையே ஆனாலும் அடுத்தவன் எடத்துக்குள்ள வலைய நீட்டக் கூடாது. இவரு நீட்டிக்கினு இருந்தாரு." ஏற்றுமதிக்காரரின் வேகம் குறையவே இல்லை என்பதை அளந்தும் காட்டினார். நான் மெமோ கொடுத்தேன்.

அந்தக் கேபிளின் கடைசி முனையில், கோட்டைக்குப்பத்தில், குமாரியின் வீடு. அவருடைய அம்மா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். குமாரி வீட்டிலிருந்தபடியே, எங்கோ டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார். இணைப்பு அடிக்கடி அறுந்தால் வேலை போய்விடும். செல்போன் சிக்னலோ அந்தத் தெருவுக்கு விருந்தாளி. உப்புக் காற்றில் களிம்பேறிய அந்த லைனுக்குத் தேசப்பன் இரைச்சல் இடைவெளியை, அதாவது இரைச்சலைத் தாங்க விடும் கூடுதல் இடத்தை, கூட்டி வைத்திருந்தார். அதைக் கூட்டினால் வேகம் குறையும், ஆனால் லைன் அறுந்து போகாது. குறைத்தால் லைன் அறுந்தாலும் அறிக்கையில் வேகம் அழகாகத் தெரியும்.

தலைமை அலுவலகம் அழகை விரும்பியது. எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே அளவு என்று உத்தரவு வந்தது. நான் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் குமாரியும் அம்மாவும் பொன்னேரிக்கு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். "நல்லா ஓடிக்கினு இருந்தத எவன் சார் நோண்டனான்?" என்று அம்மா கேட்டார். அந்த எவன் நான்தான். பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

"காலைலேர்ந்து நாலு வாட்டி கட்டாயிருச்சு சார்," என்றார் குமாரி. "நாளைக்கும் இப்டின்னா வேலைக்கே வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்க பரிசீலிச்சு முடிக்கறப்ப நானும் அம்மாகூட ஏரில நிப்பேன்."

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் தேசப்பன் பழைய அளவுகளை வைத்துவிட்டார். யாரைக் கேட்டு என்று தொலைபேசியில் அதட்டினேன்.

"கேட்டா நீங்க வேணாம்னு சொல்லணும், உங்களுக்கு சங்கடம். மெமோ குடுத்துருங்க சார். போர்ட்ட மட்டும் தொடாதீங்க."

ஒன்பதாவது மெமோ அது. விளக்கக் கடிதத்தில் 'காரணம்' என்ற இடத்தில் "பக்கத்து லைன்" என்று மட்டும் எழுதியிருந்தார். 'போதுமான காரணம் தரவும்' என்று திருப்பி அனுப்பினேன். "போதுமான காரணம்: பக்கத்து லைன்" என்று மறுபடி வந்தது. அவருடைய பதவி உயர்வு அந்தக் கோப்போடு நின்றது. அதில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. போர்ட்டை மட்டும் நான் தொடவில்லை. அதைக் கருணை என்று யாரும் எண்ண வேண்டாம், அதற்குள் களைத்துப்போயிருந்தேன்.

அடக்கத்துக்குப் போனபோது நாற்காலிகளை ஏற்றுமதிக்காரர்தான் போட்டுக்கொண்டிருந்தார். குமாரி வேலைக்கு நடுவே வந்திருந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. "மறுபடி எல்லாத்தயும் ஒண்ணாக்கிருவீங்களா சார்?" என்று கேட்டார். 'பரிசீலிக்கிறேன்' என்ற சொல் வாய் வரை வந்தது. தேசப்பன் அங்கே படுத்திருந்ததால் விழுங்கிவிட்டேன்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மெமோ. பழவேற்காட்டுப் போர்ட்டுகள் ஏன் இன்னும் பொது அளவுக்கு மாற்றப்படவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். தேசப்பனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு பதில்கள். முதல் பதிலை எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். போதாது என்று அது திரும்பி வரும். இரண்டாவது பதில் தயாராக இருக்கிறது.